இணைய இணைப்பும் பயன்பாட்டு விதிகளும்

ஒரு வீட்டுக்கு இணைய இணைப்பு வேண்டுமானால், அவ்வீட்டார் ஒருவர் தம் அடையாள அட்டையைக் காட்டிப் பாரத்தில் கையெழுத்திட வேண்டும். கைப்பேசி வழி விண்ணப்பிப்போர் ஒரு சிறு கட்டத்தில் குறியிட்டால் போதும். மாதக் கட்டணம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு என்னும் மூன்றையும் எல்லாரும் கேட்டறிகின்றனர். நான்காவதாக ஒன்றும் அந்த ஒப்பந்தத்தில் அடங்கியுள்ளது. அதற்கு ‘ஏற்கத்தக்க பயன்பாட்டு விதிகள்’ என்று பெயர். அதனைப் படிப்பவர் மிகச் சிலரே.

படிக்காமல் விட்டவரையும் அவ்விதிகள் கட்டுப்படுத்தும். இணைப்பை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குப் பயன்படுத்தலாகாது, மீறினால் நிறுவனம் என்ன செய்யும் என்பவற்றை அவை வரையறுக்கின்றன. கையெழுத்திட்டவர் ஒருவர், பயன்படுத்துவோரோ வீட்டிலுள்ள அனைவரும். மகன் செய்த பிழைக்குத் தந்தையின் பெயரிலுள்ள இணைப்பு துண்டிக்கப்படலாம். அப்பொழுது மகளின் பாடமும் தாயின் சிறுதொழிலும் சேர்ந்தே நின்றுபோகும். ஆதலால், இவ்விதிகள் ஏன் எழுந்தன, எவற்றைக் கூறுகின்றன, எந்த அளவுக்கு நியாயமானவை என்பதைக் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

பொதுக்குழாய் முறை

தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தலைமுறையினருக்குப் பொதுக்குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பல வீடுகளுக்கு ஒரே குழாய் இருந்தது. காலையில் எல்லாரும் குடம் வைத்துக் காத்திருக்கும்பொழுது ஒருவர் மட்டும் தம் காய்கறித் தோட்டத்துக்கு ரப்பர்க் குழாய் மாட்டி நீர் இறைக்கலாகாது. குழாயடியில் அழுக்கைக் கொட்டலாகாது. இவ்விதிகளை எவரும் எழுதி ஒட்டவில்லை. ஆயினும் எல்லாரும் அறிந்திருந்தனர்.

இணையமும் பெரும்பாலும் பொதுக்குழாயே. வீட்டுக்கு வரும் கண்ணாடி இழை அவ்வீட்டுக்கு மட்டுமே உரியதுபோலத் தோன்றும். உண்மை வேறு. ஜிபான் எனப்படும் முறையில், நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை வழியில் ஒரு பிரிப்பான் மூலம் பிரிந்து, பொதுவாக 32 வீடுகள் வரை செல்கிறது. அவ்வீடுகள் அனைத்துக்கும் சேர்த்து, வீட்டை நோக்கி வரும் திசையில் நொடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட் கொள்ளளவு உண்டு. வீட்டிலிருந்து வெளியே செல்லும் திசையில் அதிற் பாதியே, அதாவது ஏறத்தாழ 1.25 கிகாபிட், கிடைக்கிறது. 32 வீட்டாரும் 100 மெகாபிட் வேகத்துக்குப் பணம் கட்டியிருப்பதாகக் கொள்வோம். எல்லாருடைய உரிமையையும் கூட்டினால் 3,200 மெகாபிட், அதாவது 3.2 கிகாபிட் ஆகிறது. இழையில் அவ்வளவு இடமில்லை. எல்லாரும் ஒரே நொடியில் முழு வேகத்தையும் கேட்பதில்லை என்ற கணக்கை நம்பியே நிறுவனம் சேவையை விற்கிறது.

இக்கணக்கில் ஏமாற்று எதுவுமில்லை. தொலைபேசி நிலையமும் பேருந்துச் சேவையும் இத்தகைய கணக்கின்மேல்தான் நடைபெறுகின்றன. ஆனால், ஒரு வீட்டார் இரவும் பகலும் இடைவிடாது பெருமளவில் தரவுகளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தால் இக்கணக்கு குலைந்துவிடும். அண்டை வீட்டுப் பிள்ளையின் பாடக் காணொளி நின்று நின்று ஓடும். ‘நியாயமான பயன்பாடு’ என்ற விதி இதன் காரணமாகவே தோன்றியது.

வேகத்தைப்போலவே முகவரியும் பலருக்குப் பொதுவானது. இணையத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் எண்களாலான ஒரு முகவரி வேண்டும். பழைய முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. உலகப் பொது இருப்பிலிருந்த அம்முகவரிகள் 2011 பிப்ரவரியில் பகிர்ந்தளித்துத் தீர்ந்தன. அதன் பின்னர்ப் பல நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பகிர்ந்தளிக்கின்றன. அவர்களுள் ஒருவருடைய கணினி ஆயிரக்கணக்கான வேண்டாத மடல்களை அனுப்பினால், அம்முகவரி தடைப்பட்டியலில் ஏறிவிடும். 1998 இல் தொடங்கப்பட்ட ஸ்பாம்ஹவுஸ் என்னும் அமைப்பு அத்தகைய பட்டியல்களை வெளியிட்டு வருகிறது. உலகெங்குமுள்ள மின்னஞ்சல் நிலையங்கள் அவற்றைப் பார்த்தே மடல்களை ஏற்கின்றன, மறுக்கின்றன. குற்றம் செய்தவரோடு அதே முகவரியைப் பகிர்ந்துகொண்ட ஏதுமறியாதவரும் அந்தத் தடையில் அகப்படுவர்.

விதிகள் பிறந்த வரலாறு

இணையத்தின் மூதாதையான ஆர்ப்பாநெட் 1969 இல் அமெரிக்கத் தற்காப்புத் துறையின் பொருளுதவியில் உருவாயிற்று. அதனைப் பயன்படுத்தியோர் ஆராய்ச்சியாளர்களும் அரசாங்க ஊழியர்களுமே. ஒருவரையொருவர் அறிந்த சிறு கூட்டமாதலால், எழுதாத ஒழுங்கே போதுமானதாக இருந்தது. 1978 மே மாதம் ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் தம் நிறுவனத்தின் புதிய கணினிகளை விளம்பரப்படுத்தி ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். வேண்டாத விளம்பர மடல்களுள் முதலாவது எனக் கருதப்படுவது அதுவே. கண்டனம் உடனே எழுந்தது. ஆராய்ச்சிக்காக மக்கள் பணத்தில் அமைந்த பாதையில் கடைவிரிக்கலாகாது என்பதே அக்கண்டனத்தின் சாரம்.

1986 முதல் அமெரிக்க தேசிய அறிவியல் அறநிறுவனம் நடத்திய என்.எஸ்.எப்.நெட் என்னும் வலையம் பல்கலைக்கழகங்களை இணைத்தது. அதற்கென எழுத்தில் அமைந்த பயன்பாட்டு விதி உண்டு. கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் வலையத்தைப் பயன்படுத்தலாம். இலாபம் கருதும் தொழிலுக்கும் பெருமளவிலான சொந்த வேலைகளுக்கும் பயன்படுத்தலாகாது என அவ்விதி கூறிற்று. ‘ஏற்கத்தக்க பயன்பாடு’ என்ற சொற்றொடர் பரவலாக வழக்குக்கு வந்தது இதன் வழியே. அவ்வலையத்தின் முதுகெலும்புப் பாதை 1995 ஏப்ரல் 30 இல் மூடப்பட்டுத் தனியார் நிறுவனங்களின் கைக்கு இணையம் மாறியது. வணிகத் தடை நீங்கிற்று. விதி என்னும் வழக்கம் மட்டும் நிலைத்து நின்றது.

அது நிலைத்ததற்குத் தக்க காரணமும் இருந்தது. 1994 ஏப்ரலில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த வழக்கறிஞர்களான கணவனும் மனைவியும் குடிநுழைவுச் சீட்டுக் குலுக்கல் பற்றிய தங்கள் விளம்பரத்தை 5,000க்கு மேற்பட்ட கலந்துரையாடல் குழுக்களில் ஒரே சமயத்தில் போட்டனர். சினமுற்றோர் அனுப்பிய கண்டன மடல்கள் மலைபோல் குவிந்தன. அவ்வழக்கறிஞர்களுக்கு இணைப்பு வழங்கிய நிறுவனத்தின் கணினி அப்பாரத்தைத் தாங்காமல் செயலிழந்தது. நிறுவனம் அவர்களது கணக்கை மூடிற்று. ஒரு வாடிக்கையாளரின் செயலால் மற்ற வாடிக்கையாளர் எல்லாரும் இடர்ப்படக்கூடும் என்பதைச் சேவை நிறுவனங்கள் கண்கூடாகக் கண்டன. இத்தகைய அனுபவங்களுக்குப் பின்னரே வேண்டாத மொத்த மடல்களைத் தடுக்கும் விதி ஒப்பந்தங்களில் தவறாமல் இடம்பெறலாயிற்று.

மலேசியாவில் மிமோஸ் நடத்திய ஜாரிங் 1992 இல் இணையச் சேவையைத் தொடங்கியது. டிஎம்நெட் 1996 இல் வந்தது. சிங்கப்பூரில் பொதுமக்களுக்கான வணிகச் சேவையை 1994 இல் சிங்நெட் தொடங்கிவைத்தது. பிற நாடுகளில் உருவான விதிகளின் அமைப்பும் சேவையோடு சேர்ந்தே இந்நாடுகளுக்கு வந்தது.

விதிகள் கூறுவன யாவை?

நிறுவனத்துக்கு நிறுவனம் சொற்கள் வேறுபட்டாலும், விதிகளின் உள்ளடக்கத்தை ஐந்து பிரிவாகக் கொள்ளலாம்.

முதலாவது, சட்டத்துக்கு மாறான பயன்பாடு. மோசடி, மிரட்டல், சிறாரைச் சீரழிக்கும் படங்கள், சட்டவிரோதச் சூதாட்டம் ஆகியவற்றை எவரும் எளிதில் புரிந்துகொள்வர். பதிப்புரிமைக்கு வந்தால்தான் பலர் தடுமாறுகின்றனர். புதிய திரைப்படத்தை ‘டோரண்ட்’ முறையில் இறக்கிக்கொள்ளும் இளைஞர், தாம் எடுத்துக்கொள்கிறோம் என்று மட்டுமே எண்ணுகிறார். அம்முறையிலோ, இறங்கிக்கொண்டிருக்கும் படத்தின் துண்டுகளை அவருடைய கணினி அதே நேரத்தில் மற்றவருக்கு வழங்கிக்கொண்டும் இருக்கிறது. எடுப்பவரே கொடுப்பவராகவும் ஆகிவிடுகிறார். அவ்விணைப்பின் முகவரியை அப்படத்தைப் பகிரும் எவரும் காணலாம். உரிமையாளர் அம்முகவரியைக் குறித்துக்கொண்டு சேவை நிறுவனத்திடம் முறையிட முடியும்.

இரண்டாவது, கேட்காதவர்க்கு மொத்தமாகச் செய்தி அனுப்புதல். சிங்கப்பூரில் 2007 இல் நடப்புக்கு வந்த வேண்டாச் செய்திக் கட்டுப்பாட்டுச் சட்டம் ‘மொத்தம்’ என்பதற்குத் தெளிவான அளவு தருகிறது. ஒரே பொருள் பற்றிய செய்தியை 24 மணி நேரத்தில் 100க்கு மேல், அல்லது 30 நாளில் 1,000க்கு மேல், அல்லது ஓராண்டில் 10,000க்கு மேல் அனுப்பினால் அது மொத்த அனுப்புதலாகும். அச்சட்டம் வணிகச் செய்திகளையே குறிக்கிறது. அவற்றையும் அடியோடு தடை செய்யாமல், விளம்பரம் என்று தலைப்பிலேயே குறிக்க வேண்டும் என்றும், வேண்டாதவர் விலகிக்கொள்ள வழி தர வேண்டும் என்றும் விதிக்கிறது. சேவை நிறுவனங்களின் விதிகளோ பெரும்பாலும் இன்னும் கடுமையானவை. வணிகமாயினும் அன்றாயினும், கேட்காதவருக்கு மொத்தமாக அனுப்புவதையே அவை விலக்குகின்றன. கிடைத்த முகவரிக்கெல்லாம் விழா அழைப்பை அனுப்பும் சங்கச் செயலாளரும் இதனை மனத்திற் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பிறர் கணினிக்குள் நுழைதல். பிறருடைய கடவுச்சொல்லை ஊகித்துப் பார்ப்பதும், அவர் கணினியில் எந்த வாயில் திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்ப்பதும் விதிமீறலே. எதையும் திருடவில்லை, அழிக்கவில்லை என்ற மறுமொழி செல்லாது. அயலார் வீட்டுக் கதவுகளை இரவில் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பவரைப் பொருள் களவு போகவில்லை என்பதற்காக எவரும் விட்டுவிடுவதில்லை.

நான்காவது, வலையத்துக்குத் தீங்கு செய்தல். நச்சுநிரலைப் பரப்புதல், அனுப்புநரின் முகவரியை மாற்றிப் பொய்யாகக் காட்டுதல், ஒரு தளத்தை வெள்ளம்போன்ற வேண்டுகோள்களால் மூழ்கடித்தல் முதலியன இதில் அடங்கும். இப்பிரிவில் வாடிக்கையாளர் அறியாமலே குற்றம் நிகழ்வதுண்டு. அதனைப் பின்னர்க் காண்க.

ஐந்தாவது, இணைப்பை விற்பதும் எல்லை கடந்து பகிர்வதும். வீட்டுச் சேவை என்பது அவ்வீட்டாருக்கும் அங்கு வரும் விருந்தினருக்கும் உரியது. ஒரு வீட்டில் இணைப்பை வாங்கி, பக்கத்து மூன்று வீடுகளுக்கும் கம்பியிட்டுக் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்வது சிக்கனமாகத் தோன்றலாம். பல ஒப்பந்தங்களில் இது வெளிப்படையாகவே தடுக்கப்பட்டுள்ளது. நிறுவனத்தின் வருமானம் குறைகிறது என்பது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் பொறுப்பு பற்றியது. நான்கு வீட்டில் எவர் எதைச் செய்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது கையெழுத்திட்டவரின் இணைப்பு ஒன்றே.

பெயர் ஒருவருடையது, செயல் பலருடையது

இதன் காரணத்தை அறிய, வீட்டிலுள்ள திசைவி எனப்படும் சிறு பெட்டி எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ‘ரவுட்டர்’ என்று மக்கள் வழங்குவது அதனைத்தான். தந்தையின் கைப்பேசி, மகளின் கணினி, கூடத்துத் தொலைக்காட்சி ஆகிய ஒவ்வொன்றுக்கும் அது வீட்டுக்குள் மட்டும் வழங்கும் ஒரு முகவரியைத் தருகிறது. அவற்றிலிருந்து செய்தி வெளியே செல்லும்பொழுது அம்முகவரியை நீக்கி, வீட்டின் பொது முகவரியை இடுகிறது. மறுமொழி வந்ததும் உரியவரிடம் சேர்க்கிறது. பள்ளி மாணவர் எழுதும் கடிதங்கள் எல்லாம் அலுவலக முத்திரையோடு வெளியே செல்வதைப் போன்றது இது. முத்திரையைக் காண்பவருக்குப் பள்ளி தெரியும்; எழுதிய மாணவர் யாரெனத் தெரியாது. ஆகவேதான், தம் கணக்கின் வழி நிகழும் எல்லாவற்றுக்கும் வாடிக்கையாளரே நிறுவனத்துக்குப் பொறுப்பு என்று விதிகள் கூறுகின்றன.

கம்பியில்லா இணைப்பைக் கடவுச்சொல் இன்றித் திறந்துவிட்டவருக்கும் இது பொருந்தும். அடுத்தவர் இணைப்பில் நுழைபவரோ சட்டத்தின் பிடியிலும் சிக்குவார். சிங்கப்பூரில் 2006 இல் 17 வயது இளைஞர் ஒருவர், அண்டை வீட்டாரின் கம்பியில்லா இணைப்பை அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்காகக் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின் கீழ்க் குற்றஞ்சாட்டப்பட்டார். 2007 ஜனவரியில் நீதிமன்றம் அவருக்கு 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. பூட்டப்படாத கதவு உள்ளே வரச் சொல்லும் அழைப்பாகாது.

இனி, அறியாமல் நிகழும் குற்றத்துக்கு வருவோம். 2016 அக்டோபர் 21 இல் அமெரிக்காவின் டைன் என்னும் நிறுவனம் தாக்கப்பட்டது. இணையத் தளங்களின் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் நிறுவனம் அது. டுவிட்டர், நெட்பிலிக்ஸ் போன்ற புகழ்பெற்ற தளங்களைப் பல மணி நேரம் பலரால் அடைய முடியவில்லை. தாக்கியவை பெரும் கணினிகள் அல்ல. வீடுகளிலும் கடைகளிலும் மாட்டியிருந்த காவற் படக்கருவிகளும் திசைவிகளும் போன்ற சிறு கருவிகளே. மிராய் என்னும் நச்சுநிரல் அவற்றினுள் நுழைந்திருந்தது. நுழைந்த வழியோ மிக எளியது. தொழிற்சாலையில் இட்ட பெயர், கடவுச்சொல் இணைகளுள் 60க்கு மேற்பட்டவற்றை அது ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தது. வாங்கியவர் அதனை மாற்றாமல் விட்டிருந்தால் கதவு திறந்துகொண்டது. தம் வீட்டுக் கருவியால் உலகின் மறுகோடியில் ஒரு நிறுவனம் முடங்கியதை அதன் உரிமையாளர் அறிந்திருக்கமாட்டார். வாடிக்கையாளர் தம் கருவிகளைப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும் என்று இன்றைய விதிகள் வற்புறுத்துவதும், நச்சு பற்றிய கருவி கண்டறியப்பட்டால் இணைப்பை நிறுத்தி வைக்கும் உரிமையை நிறுவனங்கள் வைத்துக்கொள்வதும் இதனாலேயே.

விதியும் சட்டமும்

விதியை மீறுவது வேறு, சட்டத்தை மீறுவது வேறு. விதி இருவருக்கிடையிலான ஒப்பந்தம். அதனை மீறினால் எச்சரிக்கை, வேகக் குறைப்பு, தற்காலிக நிறுத்தம், கணக்கு மூடல் ஆகியவை வரலாம், சிறை வராது. சட்டம் நாட்டுக்குரியது. அதன் தண்டனையை நீதிமன்றமே விதிக்கும். ஆனால், ஒரே செயல் இரண்டையும் மீறுவதுண்டு.

அதற்குப் பழையதோர் எடுத்துக்காட்டு அமெரிக்காவில் உண்டு. 1988 நவம்பர் 2 இல் ராபர்ட் மோரிஸ் என்னும் கார்னெல் பல்கலைக்கழக மாணவர், தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டு பரவும் ஒரு நிரலை இணையத்தில் விட்டார். அவர் எண்ணியதைவிட மிக விரைவாக அது பரவியது. ஏறத்தாழ 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அக்காலத்தில் மதிப்பிட்டனர். பல்கலைக்கழகம் தன் ஒழுங்கின்படி அவரை இடைநீக்கம் செய்தது. நீதிமன்றம் 1990 இல் 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகத் தொண்டும், 10,050 டாலர் அபராதமும் விதித்தது. அம்மாணவரின் தந்தையோ அமெரிக்க அரசாங்கத்தின் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை அறிவியலாளராக இருந்தவர். அறிவும் பதவியும் உள்ள வீட்டிலும் இது நிகழக்கூடும் என்பதைப் பெற்றோர் உணர வேண்டும். பிற்காலத்தில் மோரிஸ் பேராசிரியராக உயர்ந்தார் என்பதையும் சேர்த்தே சொல்லுதல் முறை.

மலேசியாவில் 1997 ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம், அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவதற்கு 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடந்தருகிறது. 1998 ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233 ஆம் பிரிவு, பிறரைத் துன்புறுத்தவும் மிரட்டவும் எண்ணி ஆபாசமானதும் பொய்யானதும் அச்சுறுத்துவதுமான செய்திகளை அனுப்புவதைக் குற்றமாக்குகிறது. தொடக்கத்தில் இதற்கு 50,000 வெள்ளியும் ஓராண்டுச் சிறையும் உச்சத் தண்டனையாக இருந்தன. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தம் அதனை 500,000 வெள்ளியாகவும் 2 ஆண்டாகவும் உயர்த்தியது. சிறாரைக் குறிவைத்துச் செய்தால் தண்டனை இன்னும் கடுமை.

இதே 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரு பிரிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தல் பயன் தரும். இச்சட்டத்தில் எதுவும் இணையத் தணிக்கைக்கு இடந்தருவதாகக் கொள்ளப்படாது என்கிறது 3 ஆம் பிரிவு. தன் வலையம் குற்றத்துக்குப் பயன்படாதபடி தடுக்க உரிமம் பெற்ற நிறுவனம் இயன்றதெல்லாம் செய்ய வேண்டும் என்கிறது 263 ஆம் பிரிவு. ஒன்று கையைக் கட்டுகிறது; மற்றொன்று கையை நீட்டச் சொல்கிறது. நிறுவனங்கள் இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று எழுதிக்கொண்ட பாதுகாப்பாகவும் பயன்பாட்டு விதிகளைக் கருதலாம். சட்டம் தெளிவாகச் சொல்லாத பலவற்றை ஒப்பந்தத்தின் பெயரால் அவை தடுத்துவிட முடிகிறது.

நிறுவனத்துக்கும் கடமை உண்டு

விதிகள் தேவை என்பதனால், எழுதப்பட்டவை எல்லாம் நியாயமானவை ஆகிவிடமாட்டா. அவை ஒரு தரப்பால் எழுதப்படுகின்றன; மறு தரப்புக்குத் திருத்தும் வாய்ப்பில்லை. ‘அளவுக்கு மிஞ்சிய பயன்பாடு’ என்று எழுதி அளவைக் குறிக்காமல் விடுவதும், ‘முன்னறிவிப்பின்றி மாற்றலாம்’ என்று எழுதிக்கொள்வதும், ‘தகாத உள்ளடக்கம்’ எது என்பதைத் தாமே முடிவு செய்வதாகக் கூறுவதும் வாடிக்கையாளரை இருட்டில் நிறுத்துவன. எது தவறு என்று சொல்லாமல் தண்டிக்கும் ஆசிரியரை எந்த வகுப்பும் மதிப்பதில்லை.

விதிகளைக் காப்பதாகக் கூறி நிறுவனமே வரம்பு மீறியதும் உண்டு. 1999 இல் சிங்கப்பூரின் சேவை நிறுவனம் ஒன்று, நச்சுநிரல் உள்ளதா என்று அறிவதற்காகத் தன் வாடிக்கையாளர் ஏறத்தாழ 200,000 பேரின் கணினிகளை அவர்களுக்குச் சொல்லாமலே துருவிப் பார்க்க ஏற்பாடு செய்தது. அவ்வேலையை உள்துறை அமைச்சின் கணினிப் பாதுகாப்புப் பிரிவு செய்தது. தம் கணினியில் காவல் நிரல் வைத்திருந்த ஒரு சட்டக் கல்லூரி மாணவி இதனைக் கண்டு முறையிட்டார். செய்தி வெளிப்பட்டதும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. நோக்கம் நல்லதே. ஆயினும், வாடிக்கையாளர் செய்தால் விதிமீறலாகும் செயலை நிறுவனம் அவரிடம் ஒரு சொல் கூறாமல் செய்தது தவறு. கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவதுதான் காவலருக்கும் முறை.

துண்டிப்பு என்னும் தண்டனையையும் இக்கண்கொண்டே பார்க்க வேண்டும். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் தொற்றுநோயால் பள்ளிகள் மூடப்பட்ட மாதங்களில், இணைப்பில்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியே இல்லாமற் போயிற்று. வங்கிக் கணக்கு, மருத்துவமனைச் சீட்டு, அரசாங்க உதவி விண்ணப்பம் ஆகியவையும் இன்று இணையத்தின் வழியே நடக்கின்றன. இந்நிலையில் ஒருவர் செய்த பிழைக்கு ஐந்து பேர் கொண்ட குடும்பத்தின் இணைப்பை ஒரே நாளில் அறுப்பது, குழாயடியில் ஒரு சிறுவன் சேறு கலக்கினான் என்பதற்காக அவன் வீட்டாருக்குக் குடிநீரை மறுப்பதற்கு ஒப்பாகும். வலையத்துக்கு உடனடி ஆபத்து இருந்தால் அப்பொழுதே நிறுத்துவது சரி. மற்றவற்றில் எச்சரிக்கையும், காரணமும், திருத்திக்கொள்ள அவகாசமும் முதலில் வர வேண்டும்.

இதற்கு வழி இல்லாமலில்லை. 1999 ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2010 ஆம் ஆண்டுத் திருத்தம் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் பற்றிய பகுதியைச் சேர்த்தது. ஒருதலையான விதியைச் செல்லாததாக்க அப்பகுதியில் இடமுண்டு. தொலைத்தொடர்புச் சேவை பற்றிய முறையீடுகளை விசாரிக்க மலேசியத் தொடர்பு, பல்லூடகப் பயனீட்டாளர் மன்றம் இருக்கிறது. அதற்கு மேல் தொடர்பு, பல்லூடக ஆணையமும் உண்டு.

குடும்பத்தார் செய்யத்தக்கவை

இணைப்பு வாங்கும் நாளிலேயே விதிகளின் ஒரு படியை எடுத்துப் பில்லுகளோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலமும் மலாயும் கடினமாயிருந்தால், மேல்வகுப்பிற் படிக்கும் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். அதனால் பிள்ளையும் விதிகளைக் கற்றுக்கொள்ளும்.

திசைவியின் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை அன்றே மாற்ற வேண்டும். காவற் படக்கருவி வாங்கினால் அதற்கும் அவ்வாறே செய்க. கம்பியில்லா இணைப்பின் கடவுச்சொல்லைத் தெரு முழுவதும் அறியும்படி விடலாகாது. அண்டை வீட்டார்க்கு உதவ விரும்பினால், அவர் தம் பெயரில் இணைப்புப் பெற உதவுவதே நேர்வழி.

பிள்ளைகளிடம் ‘தொடாதே’ என்று மட்டும் சொல்வது பயன் தராது. காரணத்தைச் சொன்னால்தான் விதி மனத்திற் பதியும். வீட்டிலிருந்து வெளியே செல்லும் ஒவ்வொரு செய்தியிலும் குடும்பத்தின் முத்திரை இருக்கிறது என்பதைப் பத்து வயதுப் பிள்ளையும் புரிந்துகொள்ளும்.

விதிமீறல் என்று அறிவிப்பு வந்தால் அதனை ஒதுக்கி வைக்கலாகாது. ஆனால், அறிவிப்பைப்போல நடிக்கும் மோசடி மடல்களும் உலவுகின்றன. மடலில் உள்ள தொடுப்பை அழுத்தாமல், மாதப் பில்லில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு அழைத்து உறுதி செய்துகொள்ள வேண்டும். அறிவிப்பு உண்மையானால், எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த விதி மீறப்பட்டது என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். அதனைக் கேட்பது வாடிக்கையாளரின் நியாயமான கோரிக்கை. கருவியில் நச்சு இருந்தால் நீக்கிவிட்டு, அதனையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நிறுவனம் செவிசாய்க்காவிடில் மன்றத்துக்கும் ஆணையத்துக்கும் அக்கடிதங்களே சான்றாக அமையும்.

கையெழுத்து என்பது ஒரு வாக்கு. முன்னாளில் எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் மையிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று பிறரைக் கேட்டறிந்தே ஒப்பினர். அல்லது அறியாமல் ஒப்பி அல்லலுற்றனர். இன்று பெரும்பாலோர் எழுதப் படிக்கக் கற்றிருக்கின்றனர். கற்றவர் படிக்காமல் ஒப்புதல் தருவது கல்விக்கே இழுக்காகும். அரைமணி நேரத்தில் படித்து முடிக்கத்தக்க அப்பக்கங்கள், ஒரு குடும்பம் அண்டை அயலாரோடும் உலகத்தோடும் செய்துகொள்ளும் உடன்படிக்கை. அதனை அறிந்தவரே தம் கடமையைச் செய்யவும், நிறுவனத்தின் கடமையைக் கேட்டுப் பெறவும் வல்லவராவர்.